மண்குதிரையை நம்பியவள் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். வாசலின் இருபுறமும் நிற்கும் மண்குதிரைகளையும், முனீஸ்வரன் சந்நிதி முன் நிற்கும் காவல் வீரர்களையும் புரட்டாசி பிறப்பதற்குள் அகற்றிவிட்டு, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் சொல்லி வைத்திருக்கும் ஃபைபர் சிலைகளை அங்கே நிறுத்தப் போகிறீர்கள். அதற்குக் காரணம் என்று நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். மண் உடைகிறது. மண் பழைய காலத்துத் தோற்றம் தருகிறது. ஆகமத்துக்குப் பொருந்தாது. பராமரிப்புச் செலவு ஆகிறது.

அந்தச் சிலைகளைச் செய்தவள் நான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுற்றறிக்கை வருவதற்கு முன்பே ஒரு குதிரை அன்னதானக் கூடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளை ஒட்டி ஒருக்களித்துக் கிடந்தது. காரியத்தை முடித்துவிட்டுத் தீர்மானம் எழுதியிருக்கிறீர்கள்.

கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்க முடியுமா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தீர்களாம். பழமொழி நல்லதுதான், இடம்தான் தப்பு. தண்ணீரில் கரைவது சுடாத மண். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழை தென்னாப்பிரிக்காவின் இந்தக் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் கொண்டுபோனது. பக்கத்து ஊரான டோங்காட்டின் குடிநீர் நிலையம் சிதைந்து, அந்தப் பக்கத்து மக்கள் பல மாதங்கள் டாங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு வரிசையில் நின்றார்கள். நம் ஆலயத்தின் கீழ்ப்புறம் முழுவதும் சேற்றுத் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். குதிரைகளின் வயிறு வரை நின்றது. வடிந்த பிறகு கழுவக் குழாயில் தண்ணீர் இல்லை. சேறு காயும்வரை பொறுத்திருந்து துடைப்பத்தால் தட்டி எடுத்தோம். ஒரு குதிரையின் வாலில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதே வெள்ளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தின் கான்கிரீட் சுவர் சாய்ந்து விழுந்தது. சிரித்தவர்களில் சிலர் அந்தச் சுவரை மறுபடி கட்டக் கையெழுத்துப் போட்டவர்கள். கான்கிரீட்டை நம்பலாமா என்று அன்று யாரும் பழமொழி சொல்லவில்லை.

இந்தச் சிலைகள் எப்படி வந்தன என்பது இன்றைய குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் அய்யனாருக்குப் புரவியெடுப்பு நடத்தும் ஊர்களில் முதலில் பிடிமண் கொடுப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, மண் வேலை செய்யும் குயவரான வேளார் கையில் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். வேளார் அந்த மண்ணைத் தன் களிமண்ணோடு சேர்த்துக் குதிரை செய்வார். சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்த பிறகு ஊரே வந்து குதிரையைத் தோளில் சுமந்து கோவிலுக்குக் கொண்டுபோகும். அங்கே முந்தைய ஆண்டுகளின் குதிரைகள் வரிசையாக நிற்கும். ஒன்றுக்குக் காது இருக்காது, ஒன்றுக்குக் கால் இருக்காது, இன்னொன்றின் முதுகில் செடி முளைத்திருக்கும். யாரும் அவற்றை அப்புறப்படுத்துவதில்லை. புதியது பழையதன் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும்.

2016இல் அன்றைய தலைவரிடம் இதைச் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. வேப்பமரம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் சிரிங்கா மரத்தடியில் குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து என் முந்தானையில் போட்டார். அவர் இன்று இல்லை. ஆனால் அன்று எழுதிய ஒப்பந்தம் செயலாளரின் கோப்பில் இருக்கிறது. அதில் ஒரு வரி உண்டு: ஆண்டுக்கு ஒரு சிலை புதிதாகச் செய்யப்படும், பழையது வேலியோரம் வைக்கப்படும். அந்த வரியைத்தான் இப்போது "தொடர் பராமரிப்புச் செலவு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மண் உடையும் என்பது எனக்குத் தெரியாதா? என் பிழைப்பே அதில்தானே ஓடுகிறது! உடையும் என்று தெரிந்துதான் செய்கிறோம். உடைவதால் அடுத்த ஆண்டு செய்ய வேண்டியிருக்கிறது. செய்துகொண்டே இருப்பதால்தான் இந்த ஊரில் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஃபைபர் சிலைக்குப் பத்து ஆண்டு உத்தரவாதமாம். பத்து ஆண்டுக்கு இங்கே யாருக்கும் வேலை இல்லை. பதினோராம் ஆண்டு அது வெளிறி நிற்கும்போது செய்யத் தெரிந்த கை ஒன்றும் மிச்சம் இருக்காது. மறுபடியும் வெளிநாட்டுக்குத்தான் எழுதிப் போட வேண்டும்.

இந்தக் கையை வளர்ப்பது லேசான காரியம் இல்லை. கூட்டத்தில் ஒருவர், "மண்ணைப் பிசைந்து வைப்பதற்கு இத்தனை மாதமா?" என்றும் கேட்டிருக்கிறார். அவருக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கடற்கரையில் கோடையில் பெரிய சிலை கட்ட முடியாது. டிசம்பர், ஜனவரியில் காற்றில் இருக்கும் ஈரம் மண்ணைக் காயவிடாது, மூடி வைத்த துணியில் பூஞ்சை பிடிக்கும். பெரிய வெள்ளிப் பூமிதி முடிந்து ஏப்ரல் கடைசியில் வேலையைத் தொடங்கினால்தான் உண்டு. கடையில் வாங்கும் செங்களிமண் மட்டும் போதாது. ஆற்றங்கரை மண்ணைச் சலித்துச் சேர்க்கிறேன். அதில் சுட்ட செங்கல்லை இடித்த தூள் கலக்க வேண்டும், இல்லையென்றால் இத்தனை பெரிய உருவம் காய்கிறபோதே பிளக்கும். ஊரில் உமி சேர்ப்பார்கள். இங்கே உமிக்கு எங்கே போவது? கரும்புச் சோகைக்குத்தான் பஞ்சமே இல்லை. அதைப் பொடியாக நறுக்கிப் போட்டு மிதிக்கிறோம். சூளையில் சோகை எரிந்துபோய், அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கிறது. அந்தத் துளைகள் இருப்பதால்தான் நம் குதிரை பகல் வெயிலையும் திடீர் மழையையும் தாங்குகிறது. நம் முன்னோர் வெட்டிய கரும்பின் சோகை அந்தக் குதிரையின் உடம்புக்குள் இருந்தது என்பதைச் சுற்றறிக்கை எழுதியவர் அறிந்திருக்க மாட்டார்.

முதலில் நான்கு கால்கள். உள்ளே கூடாக, மண் கயிறு திரித்து வட்டம் வட்டமாக ஏற்றி, உள்பக்கம் கூழாங்கல்லைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்க வேண்டும். கால் இறுகுவதற்குள் வயிற்றை ஏற்றினால் முழங்கால் பிதுங்கிவிடும். இறுகிவிட்ட பிறகு ஏற்றினால் ஒட்டு பிடிக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, கட்டைவிரல்தான் சொல்லும். அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அந்த நேரம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து வேலை செய்ய வேண்டும். வயிறு, மார்பு, கழுத்து என்று மேலே போகப் போகக் கீழே உள்ளதை ஈரத்துணியால் சுற்றிக் காக்க வேண்டும். சிலை முழுதும் ஒரே சீராகச் சுருங்கினால்தான் தப்பும். பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது.

ஜூலை, ஆகஸ்டில் வேறு எதிரி. மலைப்பக்கமிருந்து இறங்கும் பெர்க் காற்று. குளிர்காலத்து நடுவே திடீரென்று ஒரு நாள் அடுப்படி வெப்பத்தோடு வீசும். வயிற்றுக்குள் ஈரம் இருக்கும்போதே காது மடலை ஒரே பகலில் உலர்த்தி விரிசல் விட்டுவிடும். அந்த நாட்களில் நான் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. வானொலியில் காற்று என்று சொன்னால் குதிரைக்குப் போர்வை போர்த்துகிறேன். என் மருமகள் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முகத்துக்குத்தான் அதிக நாள் எடுத்தது. தமிழ்நாட்டு அய்யனார் குதிரைகளுக்குப் பிதுங்கிய கண், திறந்த வாய், வரிசைப் பல். அதை அப்படியே செய்து பார்த்தேன். இரவல் வாங்கிய முகமாக இருந்தது. டர்பன் ஜூலை என்ற பெரிய குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் கிரேவில் மைதானத்துக்குப் போய் வேலியோரம் நின்று குதிரைகளை வரைந்தேன். ஓடி முடித்த குதிரை மூச்சு வாங்கும்போது மூக்குத் துவாரம் விரியும், கழுத்தில் நரம்பு புடைக்கும், கண் பக்கவாட்டில் திரும்பி ஆட்களைப் பார்க்கும். நம் வாசல் குதிரைகள் அந்தப் பார்வைதான் பார்க்கின்றன. "பந்தயக் குதிரையைக் கொண்டுவந்து அம்மன் வாசலில் நிறுத்திவிட்டாள்" என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார். ஜூலை முதல் சனிக்கிழமை குழுவில் எத்தனை பேர் எங்கே இருப்பார்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு சூளை. முன்பு மின்சாரச் சூளையில் துண்டு துண்டாகச் சுட்டேன். 2023இல் மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போய், நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது, சூடு ஏறிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடும். சுமார் 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த இடத்தை மெதுவாகக் கடக்கவில்லையென்றால் சுவரில் முடி அளவுக்குக் கீறல் விழும். மின்வெட்டு நேரம் பார்த்து வைக்க மண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஆலயத்தின் பின்னால் விறகுச் சூளை கட்டினோம். எரிப்பது கறுப்பு வாட்டிலும் ப்ளூ கம்மும். இரண்டும் இந்த நாட்டுத் தண்ணீரைக் குடித்துப் பரவும் அயல் மரங்கள், வெட்டி எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று தோட்டக்காரர்களே கொடுக்கிறார்கள். முதல் நாள் வெறும் புகை. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியே வர வழி இல்லாமல் போனால் சிலை வெடித்துவிடும். குதிரைக்கு வயிற்றின் அடியில் ஓட்டை எதற்கு என்று குழந்தைகள் கேட்பார்கள், அதற்குத்தான். மறுநாள்தான் தீயை ஏற்றுவோம். ஆயிரம் டிகிரி தொட்டதும் எல்லா வாயையும் அடைத்துவிட்டு, ஆறும்வரை யாரையும் கிட்டே விடுவதில்லை.

நீங்கள் "மண்ணைப் பிசைந்து வைப்பது" என்கிறீர்களே, அது இதுதான்.

இனி, மண் என்றால் ஏழ்மை என்ற பேச்சுக்கு வருகிறேன். சுற்றறிக்கையில் "பழைய காலத்துத் தோற்றம்" என்று மழுப்பியிருக்கிறீர்கள். கூட்டத்தில் பேசியது இன்னும் பச்சையாக இருந்ததாகக் கேள்விப்பட்டேன்: "தோட்டத்துக் கூலிகளாக இருந்தபோது மண்ணைக் கும்பிட்டோம், இப்போது நமக்கு வசதி வந்துவிட்டது." 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே கரை தொட்டது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்கள் எழுப்பிய முதல் கோவில்கள் மண் சுவரும் புல் கூரையும்தான். கையில் ஐந்து பைசா சேர்ந்ததும் செங்கல்லுக்குப் போனார்கள். கிஸ்தப்ப ரெட்டி போன்றவர்கள் இந்த மாகாணமெங்கும் கோவில் கட்டி, சுதை உருவங்களைத் தங்கள் கையால் வடித்தார்கள். வசதி வந்தபோதும் அவர்கள் இங்கேயே இருந்த கைகளைத்தான் நம்பினார்கள். வசதி வந்ததும் அட்டவணையைப் பார்த்து ஆர்டர் போடும் வழக்கம் நம் காலத்தில் வந்தது.

இந்த மாகாணத்தில் வாழ்ந்துகொண்டு மண்ணை ஏளனம் செய்வது எனக்குப் புரியவே இல்லை. தூகேலா பள்ளத்தாக்கில் நெஸ்டா நாலா என்ற அம்மையார் சக்கரம் இல்லாமல், கையால் எழுப்பிய பானைகள் உலகம் சுற்றின. 2005இல் அவர் இறந்த பிறகும் அவருடைய பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் 1985இல் ஃபீ ஹால்ஸ்டெட் தொடங்கிய ஆர்ட்மோர் பட்டறையில் போனி ந்ட்சாலின்ட்சாலி என்ற இளம்பெண் விவிலியக் கதைகளை மண்ணில் செய்தார். 1990இல் இருவருக்கும் சேர்த்து ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருது கிடைத்தது. நம் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த காரியங்கள் இவை.

இதோடு இன்னொரு புகாரும் சேர்ந்திருக்கிறது. சுற்றறிக்கையில் அது இல்லை, வாய்வழியாக என்னிடம் வந்தது. குதிரைகளின் கழுத்து "ஸுலு பானை மாதிரி" இருக்கிறதாம். ஆமாம், இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஸுலு பாட்டியை நாங்கள் எல்லோரும் கோகோ (ஸுலுவில் பாட்டி) என்றே அழைக்கிறோம். ஆற்றுக் கூழாங்கல்லால் பச்சை மண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். சுட்ட பானையை மறுபடியும் புகைத் தீயில் வைத்துக் கருப்பாக்கி, சூடு ஆறுவதற்குள் கொழுப்புத் தடவித் தேய்ப்பதும் அவரிடம் கற்றது. குதிரைக்குச் சலங்கை மாலை போட வேண்டும் என்று நான் உருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தன் பானைகளில் வைக்கும் அமாசும்பா புடைப்புகளை வரிசையாக வைத்துக் காட்டினார். என் சலங்கையைவிட அது நன்றாக இருந்தது. வைத்தோம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மாலை கட்டும் அம்மாக்கள் யாரும் இதுவரை குறை சொல்லவில்லை. கற்பூரத்தை அந்தக் குதிரையின் காலடியில்தான் ஏற்றுகிறார்கள். கோகோ கேட்ட கேள்வியை மட்டும் உங்களிடம் சேர்க்கிறேன்: "அவர்கள் குதிரையை வேண்டாம் என்கிறார்களா, என் கையை வேண்டாம் என்கிறார்களா?" என்னிடம் பதில் இல்லை. குழுதான் சொல்ல வேண்டும்.

ஆகமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவறை அம்மன் கல்தான், அதில் நான் கை வைக்கவில்லை. காவல் தெய்வத்துக்கும் அவர் குதிரைக்கும் வழக்கம்தான் சட்டம். மண்ணாலும் உருவம் செய்யலாம் என்று சிற்ப நூல்களே சொல்கின்றன. திருவரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளே சுதைத் திருமேனிதான். எந்த ஆகமத்தில் ஃபைபர் இருக்கிறது என்று அந்த வரியை எழுதியவர் எனக்குக் காட்டட்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்காற்று உப்பு சும்மா இருக்காது. விமானத்தில் இருக்கும் சிமெண்ட் உருவங்களின் முழங்காலைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, வீங்கி, சிமெண்டைப் பிளந்துகொண்டு பழுப்பு நிறத்தில் வடிகிறது. என் குதிரைகளுக்குள் கம்பி இல்லை. ஃபைபர் இந்த வெயிலில் வெளிறி, மேல் பூச்சு மாவாக உதிரும். அதைவிட முக்கியமானது, ஃபைபரில் இருக்கும் பிசின் தீப்பிடிக்கும். கரும்புகை விட்டு எரியும். பூக்குழிக்கும் வாசலுக்கும் இடையே எத்தனை அடி என்று நீங்களே நடந்து பாருங்கள். பெரிய வெள்ளியன்று கைக்குழந்தைகளோடு எத்தனை பேர் அந்த இடத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சுட்ட மண்ணுக்கு நெருப்பு புதிதல்ல.

பணத்தைப் பேசுவது அழகல்ல என்பார்கள். பேசாமல் இருந்துதான் இந்த நிலை. முதல் குதிரைக்கு ஒப்பந்தத் தொகை கொடுத்தீர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் "அம்மனுக்குச் செய்யும் சேவை" ஆகிவிட்டது. விறகு, மண், முடிந்தவரை கோகோவின் கூலி எல்லாம் என் கையிலிருந்து போயின. நான் டர்பனில் கண்காட்சிக்குச் செய்யும் சிறிய உருவங்கள் விற்ற காசு இங்கே வந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, விருப்பத்தோடு செய்தேன். ஆனால் என்னிடம் சேவை கேட்ட அதே குழு, முகம் தெரியாத கம்பெனிக்குப் பாதித் தொகையை முன்பணமாக அனுப்பியிருக்கிறது. அவர்களிடம் யாரும் சேவை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளையும் உங்கள் தீர்மானம் கணக்கில் எடுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவர்கள் கொட்டகைக்கு வருவார்கள். எழுத்து மறந்துபோகும் பிள்ளைகளுக்குக்கூட மண் மறப்பதில்லை. முனீஸ்வரனுக்கு வலது பக்கம் நிற்கும் நாயைச் செய்தது பத்து வயதுச் சிறுமி. ஒரு காது பெரிதாகப் போய்விட்டது, திருத்த மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அந்தக் காது தூரத்துச் சத்தம் கேட்பதற்காம். வாரா வாரம் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து, நாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். சுற்றறிக்கைப்படி அந்த நாயும் போகிறது. அவளுக்கு யார் சொல்வது என்பதையும் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்துவிடுங்கள்.

நான் கேட்பது இவைதான்.

முதலில், இந்தத் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். ஆலய விதிப்படி வாசல் அமைப்பில் செய்யும் எந்த மாற்றத்துக்கும் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். சந்தா கட்டும் எல்லா உறுப்பினர்களுக்கும் முறையாக அறிவிப்புக் கொடுத்து, கம்பெனியின் விலைப்பட்டியலையும் 2016 ஒப்பந்தத்தையும் அவர்கள் முன் வைத்து, வாக்கெடுப்பு நடத்துங்கள். பொதுக்குழு வேண்டாம் என்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்பது பேர் அறைக்குள் சிரித்து எடுத்த முடிவை ஏற்க மாட்டேன்.

அதுவரை எந்தச் சிலையையும் தொடாதீர்கள். அன்னதானக் கூடத்தின் பின்னால் கிடக்கும் குதிரையின் முழு எடையும் இப்போது கழுத்தில் இருக்கிறது. இன்றே அதை நிமிர்த்த வேண்டும். கயிறு கட்டி இழுக்கக் கூடாது, காலைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. வயிற்றின் அடியில் இரண்டு பலகை கொடுத்து, நான்கு பேர் சேர்ந்து, மணல் மூட்டைகளின் மேல் உட்கார்த்த வேண்டும். எனக்குச் சொல்லி அனுப்பினால் நானே ஆட்களோடு வருகிறேன்.

ஃபைபர் சிலைகள் வந்தே தீரும் என்றால், அவை பூக்குழிக்கு அருகே நிற்கத் தகுதியானவையா என்று நகராட்சித் தீயணைப்புப் பிரிவிடம் எழுத்தில் சான்று வாங்கிப் பலகையில் ஒட்டுங்கள்.

அகற்றத்தான் வேண்டும் என்று பொதுக்குழு முடிவெடுத்தால், சிலைகள் குப்பை லாரியில் போகக் கூடாது. ஒப்பந்தத்தில் சொன்னபடி வேலியோரம் வையுங்கள், இல்லையென்றால் என்னிடம் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகள் செய்தவற்றை அந்தந்தப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.

கொட்டகையையும் சூளையையும் இடிக்கும் யோசனை இருப்பதாகவும் காதில் விழுந்தது. புகை பற்றி அக்கம்பக்கத்தார் சொன்ன புகார் நியாயமானது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும், காற்று கடல் பக்கம் வீசும் நாளில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு விறகுச் சூளை மூட்டுகிறேன். மற்றவற்றை என் வீட்டு மின்சாரச் சூளையில் பார்த்துக்கொள்கிறேன். கொட்டகை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். இதை எழுத்தில் கொடுங்கள்.

கோகோவுக்கு இரண்டு ஆண்டுக் கூலி பாக்கி இருக்கிறது. என் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவருடையதை இந்த மாதமே தீருங்கள்.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தைச் செயலாளரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். பதிலை எந்த மொழியில் எழுதினாலும் சரி, புரட்டாசி பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாக, அதே அறிவிப்புப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஆலய உறுப்பினரும் மண்சிற்பியும்,
வடகடற்கரை, குவாஸுலு-நட்டால்